ரவுட்டர் லாகில் எந்த வரியை நம்புவது, எதைத் தள்ளுவது?

கேள்வி சுருக்கமாக இது: வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, ஃபைபர் இணைப்பு. சாயங்காலம் ஏழு மணி வாக்கில் நெட் போய்விடுகிறது, நாலைந்து நிமிடத்தில் தானாகவே வருகிறது. நடப்பதையெல்லாம் ரவுட்டர் நேரத்தோடு குறித்துவைக்கும் சிஸ்டம் லாகைத் திறந்தால் "டாஸ் அட்டாக்" (இணைப்பை முடக்கும் தாக்குதல்) என்று வரிவரியாக இருக்கிறது. நடுநடுவே பிஏடிஓ, டிஆதென்டிகேட்டெட் என்று புரியாத சொற்கள். சில வரிகளில் தேதி 1970 என்று காட்டுகிறது. யாராவது ஹேக் செய்கிறார்களா, ரவுட்டரை மாற்ற வேண்டுமா?

நீங்கள் தந்த வரிகளில் ஹேக்கிங்குக்கான அடையாளம் எதுவும் இல்லை. ரவுட்டரும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் லாகில் பயமுறுத்துகிற வரிகளுக்கும் நெட் போவதற்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமுள்ள வரி சத்தமில்லாமல் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாள் மாலைப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். திரையில் ஆங்கிலத்தில் தெரிவதை உச்சரிப்பு மாறாமல் எழுதுகிறேன் (பிபிபிடி என்பது ரவுட்டருக்குள் நெட் இணைப்பை ஏற்படுத்தும் புரோகிராம்):

18:51:12 ஃபயர்வால்: டாஸ் அட்டாக்: ஆக் ஸ்கேன், சோர்ஸ் போர்ட் 443
19:04:40 பிபிபிடி: நோ ரெஸ்பான்ஸ் டு 5 எக்கோ-ரிக்வெஸ்ட்ஸ்
19:04:40 பிபிபிடி: சீரியல் லிங்க் அப்பியர்ஸ் டு பி டிஸ்கனெக்டெட்
19:04:46 பிபிபிடி: கனெக்‌ஷன் டெர்மினேட்டெட்
19:05:37 பிபிபிடி: டைம்அவுட் வெயிட்டிங் ஃபார் பிஏடிஓ பாக்கெட்ஸ்
19:06:28 பிபிபிடி: டைம்அவுட் வெயிட்டிங் ஃபார் பிஏடிஓ பாக்கெட்ஸ்
19:07:19 வைஃபை: டிஆதென்டிகேட்டெட், ரீசன் 7
19:08:55 பிபிபிடி: பேப் ஆதென்டிகேஷன் சக்ஸீடெட்
19:08:56 பிபிபிடி: லோக்கல் ஐபி அட்ரஸ் 100.72.14.9

இதைப் படிப்பதற்கு முன் கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. மின்சாரம் வந்ததும் அவை 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணத் தொடங்கும். சில கம்பெனிகள் ஃபெர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) தயாரித்த தேதியிலிருந்து தொடங்கும்படி வைத்திருப்பார்கள். நெட் கிடைத்த பிறகு என்டிபி சர்வரிடம் நேரம் கேட்டு, தேதி ஒரே தாவலில் இன்றைக்கு வந்துவிடும். ஆக, 1970 என்ற வரி ஒரு கோளாறு அல்ல, நமக்கு உதவுகிற தடயம். அது வருகிற இடமெல்லாம் ரவுட்டர் அணைந்து எழுந்த இடம். உங்கள் மாலை லாகில் 19:04-க்கும் 19:08-க்கும் இடையில் 1970 இல்லை. அப்படியென்றால் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகவில்லை, அடாப்டர் மேல் பழி போட முடியாது. ஸ்டேட்டஸ் பக்கத்தில் "அப்டைம்" என்று ஓர் எண் இருக்கும், அதையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நேர மண்டலம் இன்னொரு பொறி. டைம் ஸோன் அமைக்காத ரவுட்டர் உலகப் பொது நேரத்தில் எழுதும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். மாலை 19:04-க்கு நெட் போனது லாகில் 13:34 என்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு கஸ்டமர் கேரில் "மதியம் ஒன்றரைக்குப் போனது" என்று சொன்னால், அவர்கள் பக்க லாகில் அந்த நேரத்தில் எதுவும் இருக்காது, புகாரை மூடிவிடுவார்கள். செட்டிங்ஸில் ஜிஎம்டி +5:30 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சில மாடல்களில் வரித் தொடக்கத்தில் 30, 4 என்று கோண அடைப்புக்குள் ஓர் எண் இருக்கும். அதை எட்டால் வகுத்தால் ஈவு எந்தப் பகுதி எழுதியது என்பதையும், மீதி எவ்வளவு கடுமை என்பதையும் சொல்லும். 30 என்றால் ஈவு 3, மீதி 6: பின்னணியில் ஓடும் ஒரு புரோகிராம் சொல்லும் சாதாரணத் தகவல். 4 என்றால் ஈவு 0, மீதி 4: மென்பொருளின் மையப் பகுதியான கெர்னலே தரும் எச்சரிக்கை. கடுமை 0 முதல் 7 வரை, எண் குறையக் குறைய விஷயம் பெரிது. ஆனால் இதை முழுதாக நம்பாதீர்கள். யாரோ ஒரு போர்ட்டைத் தட்டியதற்கு "அலர்ட்" என்றும், ஃபைபர் அறுந்ததற்கு "நோட்டீஸ்" என்றும் போடுகிற ஃபெர்ம்வேர்கள் உண்டு.

இப்போது 19:04:40. உங்கள் இணைப்பு பிபிபிஓஇ வகை, அதாவது யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து நுழைவது. நுழைந்த பிறகு ரவுட்டர் சில விநாடிகளுக்கு ஒருமுறை எதிர்முனைக்கு "எக்கோ ரிக்வெஸ்ட்" அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். தொடர்ந்து ஐந்துக்குப் பதில் இல்லை என்றால் இணைப்பு செத்துவிட்டது என்று முடிவு கட்டும். இதில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. 19:04:40 என்பது ரவுட்டர் நம்பிக்கை இழந்த நேரம், லைன் அறுந்த நேரம் அல்ல. எக்கோ 20 விநாடிக்கு ஒன்று என்றால் உண்மையில் அறுந்தது ஒன்றரை நிமிடத்துக்கு மேல் முன்னால், அதாவது 19:03 சுமாருக்கு. பக்கத்து ஃபிளாட்காரர் "எனக்கு 7:03-க்கே போய்விட்டதே" என்றால் அது வேறு கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

அடுத்தது பிஏடிஓ. பிபிபிஓஇ இணைப்பு தொடங்கும்போது ரவுட்டர் முதலில் பிஏடிஐ என்ற அழைப்பை லைன் முழுக்க அனுப்பும். சேவை நிறுவனத்தின் சர்வர் அதற்குப் பிஏடிஓ என்று பதில் தரும். ரவுட்டர் பிஏடிஆர் அனுப்பிக் கோரிக்கை வைக்கும், சர்வர் பிஏடிஎஸ் அனுப்பி செஷன் எண் கொடுக்கும். அதற்குப் பிறகுதான் எல்சிபி என்ற இணைப்பு உடன்பாடு, பிறகு பேப் அல்லது சேப் வழியாகப் பாஸ்வேர்டு சோதனை, கடைசியில் ஐபிசிபி வழியாக ஐபி முகவரி. எந்தப் படியில் நின்றது என்று பார்த்தாலே கோளாறு எங்கே என்பது முக்கால்வாசி தெரிந்துவிடும்.

பிஏடிஓ வரவில்லை என்றால் பாஸ்வேர்டு வரை விஷயம் போகவே இல்லை. ஆகவே அந்த நேரத்தில் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போடுவது வீண் வேலை. ரவுட்டரின் குரல் சர்வரை எட்டவில்லை, அல்லது சர்வரின் பதில் திரும்பி வரவில்லை. காரணங்கள் குறைவு: ஃபைபரில் வெளிச்சம் இல்லை, விலேன் எண் (ஒரே லைனில் சேவைகளைப் பிரிக்கும் எண்) தவறு, தெருமுனையிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரையிலான பாதையில் கோளாறு, அல்லது சர்வரே திணறுகிறது. விலேன் தவறென்றால் நெட் ஒருபோதும் வந்திருக்காது. உங்களுக்கு நாலு நிமிடத்தில் தானே வருகிறது, அதனால் அதை விட்டுவிடலாம். மீதி மூன்றைப் பிரிக்கத்தான் ஆப்டிகல் பவர், அதாவது ஃபைபரில் வரும் வெளிச்சத்தின் அளவு, வேண்டும்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. ஓஎன்டியும் (வீட்டில் ஃபைபர் வந்து முடியும் கருவி) ரவுட்டரும் ஒரே பெட்டியா, தனித்தனியா என்று பாருங்கள். ஒரே பெட்டி என்றால் ஃபைபர் அறுந்ததும் லாகிலேயே "லாஸ் ஆஃப் சிக்னல்" அல்லது "பான் லிங்க் டவுன்" என்று வரும், எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகச் சிமிட்டும். தனித்தனி என்றால் ரவுட்டருக்கு ஃபைபர் இருப்பதே தெரியாது. அதற்குத் தெரிவது ஓஎன்டியிலிருந்து வரும் லேன் கேபிள் மட்டும். ஃபைபர் அறுந்தாலும் அந்தக் கேபிள் உயிரோடு இருக்கும், எனவே "வான் லிங்க் அப்" (வெளி இணைப்பு உயிரோடு உள்ளது) என்றே காட்டிக்கொண்டிருக்கும். அப்போது ரவுட்டர் லாகில் எக்கோவும் பிஏடிஓவும்தான் வரும். ஓஎன்டியின் சொந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும், முகவரி பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும்.

அங்கே "ஆர்எக்ஸ் பவர்" என்று, வந்துசேரும் வெளிச்சத்தைக் காட்டும் ஒரு மைனஸ் எண் இருக்கும். ஜிபான் என்ற ஃபைபர் முறையில் பரவலாக உள்ள பி-பிளஸ் வகைக்கு வீட்டு முனையில் -8 முதல் -27 டிபிஎம் (வெளிச்ச வலிமையின் அலகு) வரை ஏற்கத்தக்கது. நடைமுறையில் -15-க்கும் -24-க்கும் இடையில் இருந்தால் நிம்மதி. -26-ஐத் தாண்டினால் சின்ன அசைவுக்கும் விழும். மூன்று டிபி குறைந்தால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று பொருள், எனவே -21 என்பது -24 ஆனதை "மூன்றுதானே" என்று விடக்கூடாது. வெயில் காய்கிற நாளில் ஒருமுறை இந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மழை கொட்டிய மறுநாள் மீண்டும் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் எங்கோ ஒரு ஜாயின்ட் பெட்டியில் தண்ணீர் புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். வெளிச்சம் குறைவதற்கு வீட்டுக்குள் உள்ள காரணங்கள் இரண்டே: சோபாவுக்குப் பின்னாலோ கதவிடுக்கிலோ மடிந்து கிடக்கும் ஃபைபர், பச்சை நிறக் கனெக்டரின் நுனியில் படிந்த தூசி. நுனியைச் சட்டைத் துணியால் துடைக்காதீர்கள், அது கீறிவிடும். கழற்றிய ஃபைபரின் முனையைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்க்கவும் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கெடுதல் செய்யலாம்.

அதே பக்கத்தில் "ஓ5" என்று ஒரு நிலை தெரியலாம். ஓ5 என்றால் ஓஎன்டி முழுமையாகப் பதிவாகி வேலை செய்கிறது. ஓ1-லேயே நின்றால் வெளிச்சம் இல்லை. ஓ2, ஓ3, ஓ4-க்குள் சுற்றிக்கொண்டிருந்தால் வெளிச்சம் வருகிறது, ஆனால் பதிவு முடியவில்லை: பவர் விளிம்பில் இருக்கலாம், சீரியல் எண் அவர்கள் கணினியில் ஏறாமல் இருக்கலாம். ஓ7 என்றால் அவர்கள் முனையிலிருந்தே உங்கள் பெட்டியை வாய் மூடச் சொல்லியிருக்கிறார்கள். அதை வீட்டிலிருந்து சரிசெய்ய வழியில்லை.

அடுத்த முறை நெட் போகும்போது ரீஸ்டார்ட் பட்டனை நோக்கி ஓடாமல் இந்தப் பக்கத்தைப் பாருங்கள். ஓ5 அப்படியே இருக்கிறது, பவரும் மாறவில்லை, ஆனாலும் பிஏடிஓ வரவில்லை என்றால் கோளாறு உங்கள் வீட்டிலும் தெருவிலும் இல்லை. அது ஓஎல்டிக்கு (ஃபைபரின் மறுமுனையில் உள்ள நிறுவனத்தின் கருவி) மேலே உள்ள பாதையிலோ பிராஸ் எனப்படும் அந்தச் சர்வரிலோ இருக்கிறது. தினமும் ஒரே நெரிசல் நேரத்தில், சில நிமிடங்களுக்கு மட்டும் என்பது இதோடு பொருந்திப்போகிறது. ஒரே ஒரு விதிவிலக்கைச் சோதித்துவிடுங்கள்: மாலையில் சிசிடிவியோ மொபைல் பேக்அப்போ அப்லோடை முழுக்க அடைத்துக்கொண்டால் எக்கோவுக்கும் வழி கிடைக்காமல் போகலாம். அப்படியானால் எக்கோ வரி வரும், ஆனால் அடுத்த முயற்சியிலேயே பிஏடிஓ கிடைத்து உடனே திரும்ப இணையும். உங்களுக்கு இரண்டு முறை பிஏடிஓ தவறியிருக்கிறது, எனவே அது காரணமாகத் தோன்றவில்லை.

ஃபைபர் வீடு வரை வராத இணைப்புகள் சென்னையில் இன்னும் நிறைய. கேபிள் ஆபரேட்டர் அடுக்ககத்தின் மீட்டர் பெட்டி அருகே ஒரு ஸ்விட்ச் வைத்து, அங்கிருந்து லேன் கேபிள் இழுத்திருப்பார். அந்த ஸ்விட்சுக்கு மின்சாரம் வேண்டும். உங்கள் வீட்டு ரவுட்டர் இன்வெர்ட்டரில் ஓடினாலும் கரண்ட் போனதும் லாகில் "வான் போர்ட் லிங்க் டவுன்" வரும், கரண்ட் வந்ததும் "லிங்க் அப்" வரும். கீழே உள்ள ஸ்விட்சுக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வைத்தால் தீர்கிற விஷயம் அது. ஜிபானில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் தெரு ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை, ஆகவே அங்கே கரண்ட் கட்டும் நெட் கட்டும் ஒன்றாக வந்தால் உங்கள் வீட்டு அடாப்டரையோ இன்வெர்ட்டர் மாறும் கணத்தையோதான் சந்தேகிக்க வேண்டும். இன்வெர்ட்டர் மாறுகிற அந்த ஒரு நொடியின் பின்னத்தில் பழைய 12 வோல்ட் அடாப்டர் தாங்காமல் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும். லாகில் 1970 வந்து நிற்கும், சாட்சி வேறு வேண்டாம்.

லேன் கேபிள்காரர்கள் "லிங்க் அப், 100 எம்பிபிஎஸ்" என்ற வரியைக் கவனியுங்கள். ஜிகாபிட் வேகத்துக்குக் கேபிளில் உள்ள நாலு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி போனால் இரு முனையும் பேசி 100-க்கு இறங்கிவிடும். நெட் போகாது, வேகம் மட்டும் 95-ஐத் தாண்டாது, 200 பிளானுக்குப் பணம் கட்டிக்கொண்டே இருப்பீர்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம் கடல் காற்றில் ஆர்ஜே45 முனையின் பின்கள் பச்சை பூத்துப்போவது சகஜம். பழைய முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்தாலே பெரும்பாலும் போதும்.

பாஸ்வேர்டு படியில் நின்றால் வரி வேறு மாதிரி இருக்கும்: "பேப் ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்". இங்கே சர்வர் கிடைத்துவிட்டது, உங்களை ஏற்கத்தான் மறுக்கிறது. பில் கட்டாதது, பிளான் முடிந்தது, யூசர்நேமில் ஓர் எழுத்துப் பிழை ஆகியவை போக இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பழைய ரவுட்டரின் மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) உங்கள் கணக்கோடு பூட்டி வைத்திருப்பார்கள், புது ரவுட்டர் வாங்கியதும் மறுக்கும். பழைய எண்ணைப் புது ரவுட்டருக்குக் கொடுக்கும் மேக் குளோன் செய்யலாம், அல்லது அவர்களிடம் சொல்லி விடுவிக்கலாம். இரண்டு, கரண்ட் போய் ரவுட்டர் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்ததில் பழைய செஷன் சர்வரில் இன்னும் உயிரோடு இருக்கும். ஒரு கணக்குக்கு ஒரு செஷன்தான் என்று வைத்திருக்கும் இடங்களில் அது காலாவதியாகும் வரை உள்ளே விடாது. பத்து நிமிடம் சும்மா இருங்கள். அடிக்கடி ஆஃப் செய்து ஆன் செய்வதால் எந்தப் பலனும் இல்லை.

யூசர்நேம் இல்லாத, நேரடியாக டிஎச்சிபியில் (ஐபி முகவரியைத் தானாகத் தரும் முறை) ஓடும் இணைப்புகளில் இதே கதை வேறு பெயரில் வரும். "டிஸ்கவர்" மட்டும் திரும்பத் திரும்ப வந்து "ஆஃபர்" வராவிட்டால் அது பிஏடிஓ இல்லாததற்குச் சமம். "நாக்" வந்தால் நீங்கள் கேட்ட பழைய முகவரியை அவர்கள் தர மாட்டேன் என்கிறார்கள். பெரும்பாலும் அடுத்த டிஸ்கவரில் புதிது கிடைத்துவிடும். அந்த முகவரி செல்லுபடியாகும் காலமான லீஸ் நேரத்தில் பாதி கழிந்ததும் ரவுட்டர் புதுப்பிக்கக் கேட்கும், 87.5 சதவீதத்தில் இன்னொரு முறை பரவலாகக் கேட்கும். சரியாக ஒரே இடைவெளியில், கடிகாரம் வைத்தாற்போல் நெட் போகிறதென்றால் லீஸ் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

"டாஸ் அட்டாக்" வரிகளுக்கு வருவோம். பொது இணையத்தில் ஓர் ஐபி முகவரி இருந்தாலே நாள் முழுக்க உலகின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஸ்கேன் செய்யும் கணினிகள் வந்து போர்ட்டுகளைத் தட்டிக்கொண்டிருக்கும். தெருவில் போகிறவன் கேட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பூட்டியிருந்தால் நகர்ந்துவிடுவது மாதிரிதான். ரவுட்டர் அதைத் தடுத்துவிட்டதைத்தான் எழுதி வைத்திருக்கிறது. உங்கள் வரியில் சோர்ஸ் போர்ட் 443 என்று இருப்பதைப் பாருங்கள். 443 என்பது வெப்சைட்டுகள் பதில் அனுப்பும் போர்ட். நீங்கள் மொபைலில் ஒரு பக்கத்தை மூடிவிட்டீர்கள், ரவுட்டர் அந்த இணைப்பை மறந்துவிட்டது, அந்த வெப்சைட்டின் கடைசிப் பாக்கெட் தாமதமாக வந்து சேர்ந்தது. கேட்காமல் வந்த பதிலாக இருப்பதால் "ஆக் ஸ்கேன்" என்று முத்திரை குத்திவிட்டது. சோர்ஸ் போர்ட் 53 என்றால் தாமதமாக வந்த டிஎன்எஸ் (வெப்சைட் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சேவை) பதில். உங்கள் ஐபி 100.72-ல் தொடங்குகிறது. 100.64 முதல் 100.127 வரை உள்ளது பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது ஐபியைப் பங்கிடும் சிஜிநாட் வரம்பு. அதற்குப் பின்னால் இருக்கும் ரவுட்டரை வெளியிலிருந்து நேராகத் தொடுவதே சிரமம்.

பயப்பட வேண்டிய வரிகள் வேறு, அவை பார்க்க அமைதியாக இருக்கும். வெளி ஐபியிலிருந்து "அட்மின் லாகின் சக்ஸஸ்". நீங்கள் செய்யாத டிஎன்எஸ் சர்வர் மாற்றம். யுபிஎன்பி (கருவிகள் தாமே போர்ட் திறந்துகொள்ளும் வசதி) வழியாக சிசிடிவி பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி தானே திறந்துகொண்ட போர்ட் மேப்பிங். வீட்டுக்குள்ளிருக்கும் 192.168 முகவரி ஒன்று வெளியே நூற்றுக்கணக்கான ஐபிகளின் போர்ட் 23-ஐத் தட்டுவது. இந்தக் கடைசி வரி வந்தால் அந்தக் கேமராவோ டிவி பாக்ஸோ கெட்டுப்போயிருக்கிறது. 2016-இல் மிராய் என்ற மால்வேர் மாற்றப்படாத டீஃபால்ட் பாஸ்வேர்டுகளைக் கொண்டு இப்படித்தான் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில் அதன் ஒரு வகை, போர்ட் 7547 வழியாக ரவுட்டர்களைத் தாக்கியபோது ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் இணைப்புகள் பாதிக்கப்பட்டன. சந்தேகமான கருவியை நெட்டிலிருந்து கழற்றி, ஃபாக்டரி ரீசெட் செய்து, பாஸ்வேர்டு மாற்றி, ஃபெர்ம்வேர் புதுப்பித்த பிறகே திரும்பச் சேருங்கள். ரவுட்டரில் ரிமோட் மேனேஜ்மென்டையும், தேவையில்லை என்றால் யுபிஎன்பியையும் அணைத்துவிடுங்கள்.

7547 என்றதும் இன்னொன்று. நிறுவனம் கொடுத்த ரவுட்டர்களில் "சிடபிள்யுஎம்பி" அல்லது "டிஆர்-069", "இன்ஃபார்ம்" என்று வரிகள் வரும். அது அவர்களுடைய நிர்வாகச் சர்வரோடு உங்கள் பெட்டி பேசுவது. "2 பீரியாடிக்" என்றால் வழக்கமான நலம் விசாரிப்பு, "1 பூட்" என்றால் ரீஸ்டார்ட் ஆனதை அறிவித்தது. "எம் டவுன்லோட்", "எம் ரீபூட்" என்று வந்தால் அவர்கள் சொல்லித்தான் ஃபெர்ம்வேர் மாறியது அல்லது ரீஸ்டார்ட் ஆனது. நள்ளிரவுக்குப் பிறகு ரவுட்டர் தானே அணைந்து எழுந்து, காலையில் வைஃபை பெயர் பழையதாகிவிட்டது என்றால் இந்த வரிகளைத் தேடுங்கள்.

19:07:19-இல் வந்த "டிஆதென்டிகேட்டெட் (வைஃபையிலிருந்து விலக்கப்பட்டது), ரீசன் 7" நெட் போனதால் விளைந்தது, காரணம் அல்ல. அந்த எண்ணுக்கு, ஆக்சஸ் பாயின்டில் (ரவுட்டரின் வைஃபை பகுதி) இணையாத ஒரு கருவி டேட்டா அனுப்பியது என்று பொருள். நெட் இல்லை என்று கண்டதும் மொபைல் தானே மொபைல் டேட்டாவுக்குத் தாவி, அரைகுறையாகத் திரும்ப வரும்போது இது வரும். 3, 8 ஆகியவை கருவி தானே விலகியது. 4 என்றால் நெடுநேரம் பேசாததால் ரவுட்டர் விலக்கியது, தூங்கும் மொபைல்களுக்கு இயல்பு. 15 வந்தால் மட்டும் கவனியுங்கள்: சாவி பரிமாற்றம் முடியாமல் நேரம் கடந்தது. ஒரே கருவிக்குத் திரும்பத் திரும்ப 15 என்றால் வைஃபை பாஸ்வேர்டு தவறு. எல்லாக் கருவிகளுக்கும் அவ்வப்போது 15 என்றால் சிக்னல் பலவீனம். சரியாக மணிக்கொருமுறை "குரூப் கீ" என்று வருவது சாவி புதுப்பித்தல், தொடாதீர்கள்.

தெரியாத மேக் முகவரிகள் வரிசையாக இணைகின்றன என்று பதறுகிறவர்கள் அந்த முகவரியின் இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள். அது 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் கருவி தானே உண்டாக்கிக்கொண்ட முகவரி. ஆண்ட்ராய்டு 10 முதல் மொபைல்கள் இயல்பாகவே இப்படிச் செய்கின்றன. பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகிக்கும் முன் வீட்டிலுள்ள மொபைல்களின் வைஃபை விவரப் பக்கத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

5 ஜிகாஹெர்ட்ஸில் "ராடார் டிடெக்டெட்" என்று வந்து வைஃபை ஒரு நிமிடம் காணாமல் போவதும் உண்டு. சானல் 52 முதல் 64 வரையிலும் 100 முதல் 144 வரையிலும் ராடாருக்கு வழிவிடும் விதி இருக்கிறது. ராடார் போன்ற துடிப்பு தெரிந்ததும் ரவுட்டர் அந்தச் சானலை 30 நிமிடம் தொடக்கூடாது. அதே வகைப் புதுச் சானலுக்குப் போனால் அங்கே குறைந்தது 60 விநாடி கேட்டுப் பார்த்துவிட்டே பேச வேண்டும். சென்னைத் துறைமுகத்து வானிலை ராடார் எஸ்-பேண்ட், பள்ளிக்கரணையில் உள்ளது எக்ஸ்-பேண்ட். இரண்டும் வைஃபை அலைவரிசையில் இல்லை, எனவே அவற்றைக் குற்றம் சொல்ல வேண்டாம். வீடுகளில் வருவதில் பெரும்பகுதி தவறான கணிப்பே. சானலை 36 முதல் 48-க்குள் ஒன்றிலோ 149-க்கு மேலோ நிலையாக வைத்துவிட்டால் இந்த வரி வராது.

ரவுட்டரின் உடல்நலம் பற்றிய வரிகள் "கெர்னல்" என்று தொடங்கும். "என்எஃப் கான்ட்ராக்: டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்" என்றால் ஒரே நேரத்தில் நினைவில் வைக்க முடிகிற இணைப்புகளின் பட்டியல் நிரம்பிவிட்டது. ஏற்கெனவே ஓடும் வீடியோ ஓடும், புதுப் பக்கம் எதுவும் திறக்காது. டோரன்ட்டோ கெட்டுப்போன கருவியோ காரணமாக இருக்கும். "அவுட் ஆஃப் மெமரி" வந்து கூடவே ஏதோ ஒரு புரோகிராம் "கில்ட்" என்றால் மெமரி போதவில்லை, பேரன்டல் கன்ட்ரோல், யுஎஸ்பி ஷேரிங் போன்றவற்றை அணைத்துப் பாருங்கள். "டிஎன்எஸ்மாஸ்க்: மேக்ஸிமம் நம்பர் ஆஃப் கன்கரன்ட் டிஎன்எஸ் க்வெரீஸ் ரீச்ட், 150" என்பது பலர் ரவுட்டர் திணறுவதாக எடுத்துக்கொள்வது. உண்மையில் மேலே உள்ள டிஎன்எஸ் சர்வர் பதில் தராததால் கேள்விகள் குவிந்து நிற்கின்றன. நெட் போன நேரத்தில் இது வருவது இயல்பு, நெட் இருக்கும்போதே வந்தால் டிஎன்எஸ்ஸை மாற்றிப் பார்க்கலாம். "ரிசீவ்ட் பாக்கெட் வித் ஓன் அட்ரஸ் அஸ் சோர்ஸ் அட்ரஸ்" என்றால் எங்கோ கேபிள் வளையம். ஒரே லேன் கேபிளின் இரு முனையும் ஸ்விட்சில் செருகியிருப்பார்கள், அல்லது வைஃபையை நீட்டிக்கும் மெஷ் கருவி வைஃபையிலும் கேபிளிலும் ஒரே சமயத்தில் இணைந்திருக்கும்.

வெப்பத்தைப் பற்றி லாகில் பெரும்பாலும் எதுவும் வராது. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலானவை சுற்றுப்புறம் 40 டிகிரி வரைக்குத்தான் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். மே மாதத்தில் மூடிய டிவி அலமாரிக்குள் அதற்கு மேல் போகும். பிற்பகலில் மட்டும், முன்னறிவிப்பு வரி எதுவும் இல்லாமல் நேராக 1970 வந்தால் அலமாரியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள்.

லாக் ரவுட்டரின் மெமரியில்தான் இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் அழியும், நிரம்பினாலும் பழைய வரிகள் மேலிருந்து அழியும். டாஸ் வரிகளின் உண்மையான தொல்லை இதுதான்: நூறு நூறாக வந்து, தேவையான நாலு பிபிபி வரிகளை வெளியே தள்ளிவிடும். லாக் செட்டிங்ஸில் ஃபயர்வால் வகையை அணைத்து வையுங்கள். "ரிமோட் லாக்" அல்லது "சிஸ்லாக் சர்வர்" வசதி இருந்தால் வீட்டிலுள்ள ஒரு கணினியின் ஐபியைக் கொடுத்து, போர்ட் யுடிபி 514 என்று போடுங்கள். ராஸ்பெர்ரி பையிலோ லினக்ஸ் கணினியிலோ லாகை வாங்கிச் சேமிக்கும் ஆர்சிஸ்லாக் புரோகிராமின் அமைப்புக் கோப்பில் யுடிபிக்கான இரண்டு வரிகளின் முன்னாலுள்ள குறியை நீக்கினால் போதும். நெட் இல்லாத நேரத்திலும் வீட்டுக்குள் அது பதிவாகும்.

கூடவே ஒரு கணினியில் மூன்று ஜன்னல் திறந்து மூன்று பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஓடவிடுங்கள்: ரவுட்டருக்கு, ஸ்டேட்டஸ் பக்கத்தில் காட்டும் வான் கேட்வேக்கு (நிறுவனப் பக்கத்து முதல் முனை), கூகுளின் டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8-க்கு. முதலாவது நின்றால் வைஃபை அல்லது ரவுட்டர். முதலாவது ஓடி இரண்டாவது நின்றால் லைன் அல்லது பிராஸ். இரண்டு ஓடி மூன்றாவது மட்டும் நின்றால் அவர்களுக்கும் மேலே. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சில கேட்வேக்கள் பிங்குக்கு எப்போதுமே பதில் தராது, நெட் நன்றாக இருக்கும்போதே சோதித்துவிடுங்கள்.

இரண்டு மூன்று மாலைகள் இப்படிப் பிடித்த பிறகு புகார் கொடுங்கள். "நெட் அடிக்கடி போகிறது" என்றால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "இந்தத் தேதியில் 19:03 முதல் 19:08 வரை பிஏடிஓ வரவில்லை. ஓஎன்டி ஓ5-லேயே இருந்தது, ஆர்எக்ஸ் பவர் இவ்வளவு. உங்கள் ஓஎல்டியில் என் போர்ட்டுக்கு அந்த நேரத்தில் எல்ஓஎஸ் பதிவாகியிருக்கிறதா, டையிங் காஸ்ப் பதிவாகியிருக்கிறதா?" டையிங் காஸ்ப் என்பது மின்சாரம் போகும்போது ஓஎன்டி கடைசியாக அனுப்பும் செய்தி. அது பதிவாகியிருந்தால் உங்கள் வீட்டு மின்சாரம், எல்ஓஎஸ் மட்டும் பதிவாகியிருந்தால் ஃபைபர், இரண்டும் இல்லை என்றால் அவர்கள் உபகரணம். லைன்மேனை அனுப்புவதா, மேலே உள்ள நெட்வொர்க் குழுவுக்கு மாற்றுவதா என்பது அந்த ஒரு பதிலில் முடிவாகிவிடும். டாக்கெட் எண்ணை, அதாவது புகார் எண்ணை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி புகார் மையம் தீர்க்காத விஷயத்தை நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கொண்டுபோகலாம். அங்கே அந்த எண்ணையும் சேமித்த லாக் கோப்பையும் சேர்த்தே கொடுங்கள்.